உப்புக் காற்றில் நிற்கும் காருக்குப் பின்பக்க டிரம் பிரேக் மாற்றுவது: வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை ஒட்டி நிற்கும் கார்களில் பின் பிரேக் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த கட்டை) தேய்ந்து தீர்வதற்கு முன்பே அதைச் சுற்றியுள்ள இரும்பு துருவேறி இறுகிவிடுகிறது. ஷூவைக் கழற்றி மாட்டுவது ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேர வேலை. சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற டிரம்மை உடைக்காமல் வெளியே எடுப்பது, ஷூவைத் தாங்கும் தகடான பேக் பிளேட்டைச் சுத்தம் செய்வது, கடைசியில் சரியான வரிசையில் அட்ஜஸ்ட் செய்வது, இவைதான் நாளை விழுங்கும். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவதும் இந்த மூன்றில்தான்.

இங்கே சொல்வது முன்சக்கரம் இழுக்கும் சிறு கார்களுக்கு. ஆம்னி, பொலிரோ போல பின்சக்கரம் தள்ளும் வண்டிகளில் எது மாறுகிறதோ அதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறது.

1. கழற்றும் முன் கோளாறு எது என்று பாருங்கள்

முதல் மிதிக்குப் பெடல் ஆழமாகப் போய், உடனே மறுபடி மிதித்தால் மேலேயே நிற்கிறதா? ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது, தானாக அதைச் சரிசெய்ய வேண்டிய அட்ஜஸ்டர் இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் ஏர் இருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

காலையில் வண்டி நகர மறுத்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் ‘டக்’ என்று விட்டுக்கொண்டு கிளம்பினால், ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டியிருக்கிறது. கடற்கரையில் இதுதான் முதல் அறிகுறி. இப்படி இழுத்துக் கிளப்பும்போது சில சமயம் ஷூவின் மேல் ஒட்டிய உரசும் பகுதியான லைனிங் பெயர்ந்து டிரம்முக்குள்ளேயே கிடக்கும்.

டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் விரலில் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் போல மெலிந்து வழவழப்பாக இருந்தால் பிரேக் ஆயில். ஆயில் அழுத்தத்தில் ஷூவை வெளியே தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் அது ஆக்சில் ஆயில். பின்சக்கரம் தள்ளும் வண்டிகளில் ஆக்சில் சீல் போனால் இப்படி வரும். சீலை மாற்றாமல் ஷூ மட்டும் மாற்றினால் புது ஷூவும் ஒரே வாரத்தில் நனைந்துவிடும்.

ஒரு வேலை மட்டும் வீட்டில் வேண்டாம். வண்டியின் அடியில் ஓடும் இரும்பு பிரேக் பைப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால் முதலில் அந்தப் பைப்பை ஒர்க்‌ஷாப்பில் மாற்றிக்கொண்டு வாருங்கள். வீல் சிலிண்டர் நட்டைத் திருகும் வேகத்தில் அது முறிந்துவிடும்.

2. எல்லாவற்றையும் வாங்கி வைத்த பிறகே நட்டில் கை வையுங்கள்

ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் ஒரு ஸ்பிரிங் குறைந்தால்கூடப் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை போக வேண்டி வரலாம். கார் ஜாக்கியில் நிற்கும்போது அந்தப் பயணம் வேண்டாம். கடைக்குப் போகும்போது சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் ஷூவின் அகலம் மாறும்.

பிரேக் ஷூ இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி பிடிக்கும், வண்டி பக்கவாட்டில் இழுக்கும். ஷூவைப் பேக் பிளேட்டோடு பிடித்துவைக்கும் ஷூ பின் (ஆணி போன்ற மெல்லிய கம்பி), ஸ்பிரிங், மூடி அடங்கிய கிட் இரண்டு பக்கத்துக்கும். ரிட்டர்ன் ஸ்பிரிங் செட். வீல் சிலிண்டர் இரண்டு. ‘பழையது நல்லாத்தானே இருக்கு’ என்று சிலிண்டரை மட்டும் விட்டுவைப்பவர்கள் உண்டு. ஐந்து வருஷம் இந்தக் காற்றில் இருந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடாத பகுதி பொரிந்துபோயிருக்கும். புது ஷூ தடிமனாக இருப்பதால் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு அந்தப் பொரிந்த இடத்தில் உட்காரும். ரப்பர் கிழிந்து, மாதம் திரும்புவதற்குள் கசியும்.

பிரேக் ஆயில் புதிய, சீல் உடைக்காத 500 மில்லி பாட்டில் ஒன்று. ஆயிலின் தர வகை டாட் 3 ஆ, டாட் 4 ஆ என்பது காரின் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே இருக்கும். டாட் 3 ஈரமே இல்லாதபோது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் உறிஞ்சிய நிலையில் அது 140 டிகிரி. டாட் 4க்கு 230, 155. கடலோரக் காற்றில் திறந்து வைத்த பாட்டில் சீக்கிரம் ஈரம் இழுக்கும், அதனால் போன வருஷத்து மிச்சம் வேண்டாம். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கான். இவற்றோடு கலக்கவே கூடாது.

இவை தவிர பிரேக் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ், செம்பு கிரீஸ், துரு இளக்கும் ஸ்ப்ரே, கம்பி பிரஷ், 80ஆம் நம்பர், 120ஆம் நம்பர் உப்புத்தாள், 5 அல்லது 6 மி.மீ. உள்துளையுள்ள ஒளி ஊடுருவும் டியூப் ஒரு முழம், கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க். பேக் பிளேட்டின் பின்பக்கத் துளையை மூடும் ரப்பர் அடைப்பான்களையும் கேட்டு வாங்குங்கள். சில ரூபாய் சாமான் அது; இல்லாமல் போனால் கடல் மணல் நேராக உள்ளே போகும்.

ஸ்பேனர்களில் ஒன்று மட்டும் கட்டாயம்: பைப் நட்டுக்கான 10 மி.மீ. பிளேர் ஸ்பேனர். வளையத்தில் பைப் நுழையும் அளவு வெட்டு இருக்கும். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும்; துருப்பிடித்த நட்டின் முனையை உருட்டிவிடும்.

3. இடமும் காற்றும் தண்ணீரும்

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது திறந்த வெளியில் டிரம்மைக் கழற்றாதீர்கள். கிரீஸ் தடவிய இடத்தில் மணல் ஒட்டினால் அது உப்புத்தாளாக வேலை செய்யும். வீட்டின் காற்று படாத பக்கம், அல்லது விடிகாலையில் காற்று எழும் முன்.

தரை கெட்டியாக இருக்க வேண்டும். மணல் முற்றம்தான் இருக்கிறது என்றால், ஜாக்கிக்கும், தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டுக்கும் அடியில் ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பலகை போடுங்கள். பழைய வள்ளத்துப் பலகை இதற்கு மிகவும் நல்லது. ஸ்டாண்டுக்குப் பதில் பவளக்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ கொடுக்காதீர்கள். இரண்டும் சுவரில் மெல்ல ஏறும் பாரத்தைத் தாங்கும். ஒரு முனையில் மொத்தமாக அழுத்தும் இரும்பின் கீழ், எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும்.

கழுவ உப்புக் கிணற்றுத் தண்ணீர் கூடாது. குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரில் ஒரு குடம் ஒதுக்கி வையுங்கள். உப்புத் தண்ணீரில் கழுவிய பேக் பிளேட் காய்ந்ததும் மறுபடி வெள்ளை பூக்கும். அன்றைக்கே துரு தொடங்கிவிடும்.

4. முந்தின நாள் மாலை

இந்தப் படியைத் தாண்டுபவர்கள்தான் மறுநாள் சுத்தியலை ஓங்குகிறார்கள். அடுத்த படியில் சொன்னபடி காரைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் நடுத்துளை ஹப்போடு (டிரம் உட்காரும் நடுப்பகுதி) சேரும் வட்டத்தைக் கம்பி பிரஷால் நன்றாகத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடியுங்கள். சக்கர நட்டு ஏறும் ஸ்டட் டிரம்மைத் துளைத்து வரும் இடங்களிலும் அடியுங்கள். பின்பக்கம் குனிந்து, ஏர் வெளியேற்றும் பிளீடர் நிப்பிள், பைப் நட்டு, வீல் சிலிண்டர் போல்ட் மூன்றிலும் துருவைத் துடைத்துவிட்டு அடியுங்கள். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. துருவின் துளைகளுக்குள் எண்ணெய் ஊற மணிக்கணக்கில் நேரம் வேண்டும். ஐந்து நிமிஷத்தில் அது மேலேதான் வழியும்.

பிளீடர் நிப்பிள் இளகுகிறதா என்று காலையில் முதலில் பாருங்கள். முறிந்தாலும் கவலை இல்லை, சிலிண்டரையே மாற்றப் போகிறோம். பைப் நட்டுதான் முக்கியம்.

5. தூக்கி நிறுத்துவது

கார் தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். பேரிங் டிரம்முக்குள்ளேயே இருக்கும் வண்டி என்றால், நடு மூடியைத் தட்டி எடுத்து, டிரம் சுற்றும் அச்சான ஸ்பிண்டிலின் நட்டையும் இப்போதே இளக்க வேண்டும். நல்ல இறுக்கமான நட்டு அது. ஸ்டாண்டில் நிற்கும் காரில் அந்த அளவு பலம் கொடுத்தால் கார் நகரும். நட்டின் விளிம்பு ஸ்பிண்டில் காடிக்குள் மடித்து அடிக்கப்பட்டிருந்தால் முதலில் அதை நிமிர்த்துங்கள், இல்லையேல் மரை போகும்.

முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் பனங்கட்டையில் செதுக்கிய ஆப்பு வையுங்கள். முதல் கியரில் விடுங்கள். முன்சக்கரம் இழுக்கும் காரில் அது முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆம்னி, பொலிரோவில் கியர் பிடிப்பது பின்சக்கரத்தை. அங்கே கியரை நியூட்ரலில் விட்டு, ஆப்பை மட்டுமே நம்ப வேண்டும், அதனால் ஆப்பு பெரிதாக இருக்கட்டும்.

பிறகு ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்குங்கள். இதை மறந்து டிரம்மோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுபவர்கள் ஏராளம். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, காரைக் கையால் பலமாக அசைத்துப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து கார் பாடியின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் கார் சக்கரத்தின் மேல் உட்காரும்.

6. டிரம்மைக் கழற்றுவது

டிரம் மூன்று காரணத்தால் வராமல் நிற்கும். எந்தக் காரணம் என்று தெரிந்துகொண்டு கை வைத்தால் பாதி வேலை குறையும்.

கையால் கொஞ்சம்கூடச் சுற்ற முடியவில்லை என்றால் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கிறது, அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் சிக்கி இழுத்தே நிற்கிறது. முதலில் காரின் உள்ளே ஹேண்ட் பிரேக் லீவர் அருகே கேபிளின் நட்டை முழுதாகத் தளர்த்துங்கள். பிறகு டிரம்மின் சுற்றுப்பக்கத்தை நடுத்தரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஓங்கி அடிப்பதல்ல, பத்துப் பதினைந்து தட்டு. ஒட்டிய துரு அதிர்வில் விடும்.

சுற்றுகிறது, ஆனால் வெளியே வர மறுக்கிறது, ஆடக்கூட இல்லை என்றால் நடுத்துளையில் ஹப்போடு துரு பிடித்திருக்கிறது. பல டிரம்களில் முகத்தில் மரையுள்ள இரண்டு துளை இருக்கும், பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் ஏறும். மரையைச் சுத்தம் செய்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி அரைச் சுற்று முறுக்குங்கள். ஒன்றை மட்டும் முறுக்கினால் டிரம் கோணலாகி இன்னும் இறுகும். துளை இல்லாத டிரம்மில் ஸ்டட்டுகளுக்கு நடுவில் முகத்தில் அடியுங்கள். வெளி விளிம்பில் அடிக்கவே கூடாது; வார்ப்பிரும்பு, துண்டு பெயர்ந்துவிடும்.

கொஞ்சம் வெளியே வந்து, ஏதோ பிடித்து இழுக்கிறது என்றால் டிரம்மின் உள்விளிம்பில் தேயாமல் நின்ற வரம்பில் ஷூ மாட்டுகிறது. இழுத்தால் ஷூ பின் முறியும். பேக் பிளேட்டின் ரப்பர் அடைப்பானை எடுத்து, துளை வழியாக அட்ஜஸ்டரைப் பின்வாங்கச் செய்யுங்கள். பல் சக்கரம் உள்ள வகையில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் பல்லைத் தடுக்கும் நாக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பல்லைத் திருப்ப வேண்டும். வேறு சில வண்டிகளில் அதே துளை வழியாக உள்ளிருக்கும் ஹேண்ட் பிரேக் லீவரைத் தள்ளினால் ஷூ சுருங்கும்.

டிரம் வந்ததும் உள்ளே பாருங்கள். ஷூ ஒட்டிக் கிடந்த வண்டியில் மினுங்கும் வளையத்தின் மேல் லைனிங் அளவுக்கே அச்சுப் பதித்தாற்போல் இரண்டு செம்பட்டைத் திட்டு இருக்கும். விரல் நகம் ஓட்டினால் அந்த ஓரத்தில் தடுக்கும். லேசான துரு என்றால் 120ஆம் நம்பர் உப்புத்தாளில் போகும். நகம் குழியில் இறங்கினால் லேத்தில் கடைய வேண்டும், அல்லது புது டிரம்.

எவ்வளவு கடையலாம் என்பது டிரம்மிலேயே அச்சாகியிருக்கும். அதிகபட்ச உள்விட்டம் என்று ஒரு எண்; உதாரணமாக 180 மி.மீ. டிரம்முக்கு 182. லேத் பட்டறையில் அந்த எண்ணைச் சொல்லியே கொடுங்கள். கடைந்த பிறகு அதைத் தாண்டியிருந்தால் அந்த டிரம் குப்பைக்கு. மெலிந்த டிரம் சூட்டில் விரியும், பெடல் ஆழமாகப் போகும்.

7. தூசியை ஊதாதீர்கள்

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். வாயாலும் காற்றடிக்கும் மெஷினாலும் ஊதினால் அது நுரையீரலுக்குள் போகும். மாஸ்க் போட்டு, அடியில் தட்டு வைத்து, சோப்புத் தண்ணீரை மெல்ல ஊற்றி நனைத்துத் துடையுங்கள். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் மூன்றும் வேண்டாம். பிரேக் ரப்பர் இவை பட்டால் ஊதிப் பெருக்கும். லைனிங் உறிஞ்சிக்கொண்டால் பிடிப்பே இருக்காது.

ஈரத்தோடு இருக்கும்போதே போனில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். மறு பக்கம் கண்ணாடி பிம்பமாக உங்களுக்கு வழிகாட்டும். அட்ஜஸ்டர் பல் சக்கர வகையாக இருந்தால் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர். கலந்துவிட்டால் பிரேக் தன்னைத்தானே தளர்த்திக்கொண்டே போகும்.

லைனிங் தடிமன் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். பல கம்பெனிகள் 1 மி.மீ. வரை விடலாம் என்கின்றன. டிரம்மைக் கழற்றுவதே இவ்வளவு பாடாக இருக்கும் ஊரில், 2 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுவதே சரி.

8. பழைய ஷூவை எடுப்பது

கண்ணாடியைப் போடுங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங் கண்ணுக்கு நேராகத்தான் தெறிக்கும்.

முதலில் ஷூ பின். பின்பக்கம் ஒரு விரலால் பின்னின் தலையைத் தாங்கிக்கொண்டு, முன்பக்கம் பிளையரால் மூடியை அமுக்கிக் கால் சுற்று திருப்பினால் விடும். துருவில் மெலிந்த பின் திருப்பும்போதே முறியும், அதனால்தான் கிட். இரண்டு பின்னும் போனதும் ஷூவின் கீழ்முனையைத் தாங்கும் கட்டையிலிருந்து வெளியே இழுத்து, கீழ் ஸ்பிரிங்கை விடுவியுங்கள். மேல்முனைகள் சிலிண்டரிலிருந்து தாமாக வரும். கடைசியாக ஹேண்ட் பிரேக் கேபிள் முனையை லீவரின் கொக்கியிலிருந்து கழற்றுங்கள்.

கேபிளைக் கையில் பிடித்தபடியே உறைக்குள் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். வழுக்கிப் போக வேண்டும். கரகரவென்று நின்றால் உள்ளே துரு. எண்ணெய் விட்டால் ஒரு வாரம் ஓடும், பிறகு மறுபடி இறுகும். மாற்றிவிடுங்கள்.

பின்பக்க ஷூவில் இருக்கும் ஹேண்ட் பிரேக் லீவரைச் சில புது ஷூக்களுக்கு நாமே மாற்றி மாட்ட வேண்டும். குதிரை லாடம் போன்ற சின்னக் கிளிப்பும் அதன் கீழ் வளைந்த வாஷரும் இருக்கும். வாஷரை விட்டுவிட்டால் லீவர் சாய்ந்து ஆடும், டிரம்மில் உரசும்.

9. வீல் சிலிண்டர்

ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு பாலிதீன் துண்டை வைத்து, மூடியை இறுக்குங்கள். காற்று உள்ளே போகாததால் பைப்பைத் திறக்கும்போது ஆயில் மெல்லத்தான் சொட்டும்.

பைப் நட்டைப் பிளேர் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் திருப்பிப் பைப்பைக் கவனியுங்கள். நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொள்கிறதா? உடனே நிறுத்துங்கள். முன்னும் பின்னுமாகச் சின்னச் சின்ன அசைவு, இன்னும் கொஞ்சம் ஸ்ப்ரே, பொறுமை. நட்டு தனியாகச் சுற்றத் தொடங்கியதும் முழுதாகக் கழற்றி, பைப் முனையில் ரப்பர் மூடி மாட்டுங்கள். பழைய பிளீடர் மூடியே போதும்.

சிலிண்டர் போல்ட்டுகளை எடுத்து மாற்றுங்கள். புது சிலிண்டரைப் பொருத்தும்போது வரிசை முக்கியம்: முதலில் பைப் நட்டைக் கையால் மூன்று நாலு மரை ஏற்றுங்கள், பிறகு சிலிண்டர் போல்ட்டுகள், கடைசியில் பைப் நட்டு. சிலிண்டரை முதலிலேயே இறுக்கிவிட்டால் நட்டு நேராக ஏறாமல் மரை வெட்டிவிடும். பைப் நட்டுக்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர் போதும். குட்டை ஸ்பேனரில் மணிக்கட்டுப் பலம். பெயிண்டில் ஆயில் சொட்டியிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், துடைத்தால் பெயிண்டும் சேர்ந்து வரும்.

10. பேக் பிளேட்: நேரத்தைக் கொட்ட வேண்டிய இடம்

ஒவ்வொரு ஷூவின் ஓரமும் பேக் பிளேட்டில் மூன்று மேட்டின் மேல் ஓடுகிறது. இரண்டு ஷூவுக்கு ஆறு மேடு. உப்புத்துரு இந்த மேடுகளில் ஏறினால் ஷூ மிதிக்கும்போது வெளியே போகும், விட்டதும் திரும்பி வராது. டிரம் சூடாகும், மைலேஜ் குறையும், புது ஷூ ஒரு பக்கமாகத் தேயும்.

ஆறு மேட்டையும் கம்பி பிரஷ், 80ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டு இரும்பு வெளுக்கும் வரை தேயுங்கள். விரலால் தடவும்போது ஷூ ஓடிய தடம் குழியாகத் தட்டினால், குழி ஆழமாக இருந்தால் பிளேட்டையே மாற்றுவதுதான் வழி. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

பிறகு ஒவ்வொரு மேட்டிலும் தீக்குச்சித் தலை அளவு பிரேக் கிரீஸ். அதற்கு மேல் வேண்டாம். அதிகமானால் சூட்டில் இளகி லைனிங்கில் போகும். ஷூவின் கீழ்முனை உட்காரும் இடத்திலும் கொஞ்சம். அட்ஜஸ்டரைப் பிரித்து, மரையைத் தேய்த்து, கிரீஸ் விட்டு, விரலால் கடைசிவரை உருட்டிப் பாருங்கள். விரலுக்கு உருளாதது தானாகவும் உருளாது.

மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின்பக்கமாக வழிந்து பிளேட்டின் மேல்விளிம்பில் விழுகிறது. அந்த வண்டிகளுக்கு மேல் மேடு இரண்டும் மற்றதைவிட மோசமாக இருக்கும். தண்ணீர் வடியும் துளையை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

11. புது ஷூவை மாட்டுவது

கையைக் கழுவுங்கள். லைனிங்கில் கிரீஸ் விரல் பட்டால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, கிளீனர் அடியுங்கள்.

முதலில் கேபிளை லீவரில் மாட்டுங்கள். ஷூ உட்கார்ந்த பிறகு கை நுழையாது. பின்பக்க ஷூவை வைத்து, ஷூ பின்னைப் பூட்டி நிறுத்துங்கள். அட்ஜஸ்டரை முழுதாகச் சுருக்கி நடுவில் வைத்து, மேல் ஸ்பிரிங்கை மாட்டி, முன் ஷூவை அதன் மேல் கொண்டுவாருங்கள். கடைசியில் கீழ் ஸ்பிரிங். எடுத்த படத்தைப் பார்த்து ஒவ்வொரு ஸ்பிரிங்கும் எந்தத் துளையில், எந்தப் பக்கமாக நுழைகிறது என்று சரிபாருங்கள். இரண்டு துளை அருகருகே இருக்கும். தவறான துளையில் மாட்டினால் அட்ஜஸ்டர் வேலை செய்யாது.

இரண்டு ஷூவையும் உள்ளங்கையால் தட்டி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஹேண்ட் பிரேக் லீவர் ஷூவில் உள்ள தன் நிறுத்தத்தில் (மேலும் பின்வாங்க விடாத முட்டு) ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் கேபிள் இன்னும் இறுக்கமாக இருக்கிறது; இன்னும் தளர்த்துங்கள்.

12. டிரம்மும் இடைவெளியும்

புது டிரம்மில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். பிரேக் கிளீனரில் அதைத் துடைக்காமல் மாட்டினால் புது ஷூ முதல் நாளே வீண். ஹப் சேரும் வட்டத்தில் மட்டும் செம்பு கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அடுத்த முறை டிரம் கையோடு வரும். ஸ்டட் மரையில் தடவாதீர்கள், நட்டு அளவு மீறி இறுகும்.

பல் சக்கர வகை அட்ஜஸ்டரில் டிரம்மை மாட்டிச் சுற்றும்போது மெல்லிய உரசல் சத்தம் கேட்கும் வரை பல்லைத் திருப்புங்கள். கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் டிரம் தானாக இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும். தானாகச் சரியாகும் வகையில், இரண்டு டிரம்மும் மாட்டிய பிறகு பெடலை மிதிக்க மிதிக்க உள்ளே ‘கிளிக்’ கேட்கும். கிளிக் நிற்கும் வரை மிதியுங்கள். சிலிண்டரை மாற்றியிருந்தால் ஏர் எடுத்த பிறகுதான் இது நடக்கும். ஒரு பக்க டிரம் கழன்று கிடக்கும்போது பெடலில் கால் வைத்தால் பிஸ்டன் சிலிண்டரைவிட்டு வெளியே வந்து விழும்.

பேரிங் உள்ள டிரம்முக்கு மடித்து அடிக்கும் நட்டு புதிதாகப் போடுங்கள். அந்த நட்டின் இறுக்கம் வண்டிக்கு வண்டி மிகவும் மாறும். சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து, இறுக்கத்தின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சில்தான் இறுக்க வேண்டும்.

13. ஏர் எடுப்பது

பாலிதீன் துண்டை எடுத்துவிட்டு, டப்பாவை நிரப்புங்கள். பின்சக்கரங்களில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமானது இடப்பக்கம். அங்கிருந்து தொடங்கி வலப்பக்கம். பிளீடரில் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள்.

பெடலில் இருப்பவர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் “மிதி தம்பி” என்றால் அவர் மிதித்துப் பிடித்துக்கொண்டு, “மிதிச்சாச்சுண்ணே” என்ற பிறகே பிளீடரை அரைச் சுற்று திறக்க வேண்டும். பெடல் இறங்கியதும் மூடுங்கள். மூடிய பிறகே “விடு”. திறந்திருக்கும்போது காலை எடுத்தால் டியூபில் இருந்த காற்று மறுபடி சிலிண்டருக்குள் போகும். பத்து முறை செய்தும் குமிழி வந்துகொண்டே இருக்கிறதே என்று திணறும் இடம் இதுதான்.

பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு அங்குலக் கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் போனால் அங்கே படிந்த துரு கிழித்துவிடும். ஐந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். காலியானால் முழுக்க முதலிலிருந்து. குமிழி இல்லாத சுத்தமான ஆயில் தொடர்ந்து வந்ததும் பிளீடரை இறுக்கி, ரப்பர் மூடி மாட்டுங்கள். மூடி இல்லாத பிளீடர் உப்புக்கு நேர் வழி.

14. ஹேண்ட் பிரேக் கடைசியில்

இடைவெளி சரியாகி, ஏர் எடுத்து முடித்த பிறகே கேபிள் நட்டைத் தொடுங்கள். முதலிலேயே கேபிளை முறுக்கினால் லீவர் தன் நிறுத்தத்தைவிட்டு நகர்ந்தே நிற்கும். அட்ஜஸ்டர் அதற்கு மேல் வேலை செய்யாது. ஹேண்ட் பிரேக் பிடிக்கும், பெடல் மட்டும் மாதாமாதம் ஆழமாகும்.

பெரும்பாலான சிறு கார்களில் 5 முதல் 7 கிளிக்கில் பிடிக்க வேண்டும். இறக்கியதும் இரண்டு சக்கரமும் உரசல் இல்லாமல் சுற்ற வேண்டும். பின்பக்க ரப்பர் அடைப்பான்களை மாட்டுங்கள். சக்கரத்தை மாட்டி, தரையில் இறக்கி, நட்டுகளைக் குறுக்கே குறுக்கே இறுக்குங்கள். சிறு கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்.

15. ஓட்டிப் பார்ப்பது

கார் நகரும் முன் என்ஜினைப் போட்டுப் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். இறங்கக் கூடாது. குனிந்து பின்சக்கர உள்பக்கம் ஈரம் இல்லை என்று பாருங்கள்.

முதல் ஓட்டம் ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில், நடக்கும் வேகத்தில். பிறகு மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து மெல்ல மெல்ல நிறுத்துவதை இருபது முறை, நடுவில் ஆற இடைவெளி விட்டு. முதல் 200 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் அடிக்காதீர்கள். லைனிங் டிரம்மின் வளைவுக்கு இன்னும் முழுதாகப் பொருந்தியிருக்காது. பாம்பன் சாலைப் பாலத்தில் போய்ச் சோதிக்க வேண்டாம். பக்கக் காற்று தள்ளும், கடலைப் பார்க்க முன்னால் போகிறவர் எங்கே நிறுத்துவார் என்று தெரியாது.

ஐந்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு, இரண்டு பின்சக்கர டிரம்மிலும் சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு பக்கம் மட்டும் ‘சுர்’ என்றால் அந்தப் பக்க ஷூ திரும்பவில்லை. பெரும்பாலும் கேபிள், அல்லது தேய்க்காமல் விட்ட ஒரு மேடு. சக்கர நட்டுகளை 50 கிலோமீட்டரில் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

16. இனி நிறுத்தி வைக்கும்போது

நாலு நாளுக்கு மேல் நிற்கப் போகிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். முதல் கியர், இரண்டு ஆப்பு. மழையில் வந்தாலோ சக்கரத்தைக் கழுவினாலோ, நிறுத்தும் முன் கொஞ்ச தூரம் பெடலை லேசாகத் தொட்டபடி ஓட்டி டிரம்மைக் காய வையுங்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே பேக் பிளேட்டின் பின்பக்கம் நல்ல தண்ணீர் இரண்டு வாளி ஊற்றுங்கள். ஐப்பசியில் வாடை தொடங்கும் முன் வருஷத்துக்கு ஒருமுறை டிரம்மைக் கழற்றி, அந்த ஆறு மேட்டையும் ரப்பர் அடைப்பான்களையும் பாருங்கள். செம்பு கிரீஸ் தடவியிருந்தால் அது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷ வேலைதான்.